வெளியார் எழுதும் செயலிகளுக்குத் தளம் தரும் துணை

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, அதில் ஆப்பிள் நிறுவனம் தானே உருவாக்கிய செயலிகள் மட்டுமே இருந்தன. ஐபோனுக்கென்று வெளியார் யாரேனும் ஏதாவது செய்ய விரும்பினால், சஃபாரி உலாவியில் திறக்கும் இணையப் பக்கமாகச் செய்துகொள்ளலாம் என்பதுதான் நிறுவனம் அப்போது காட்டிய வழி. அந்த வழி நிரலர்களுக்குப் போதவில்லை. சில மாதங்களிலேயே, அக்டோபரில், ஸ்டீவ் ஜாப்ஸ் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, வெளியாரும் ஐபோன் செயலிகளை எழுதுவதற்கான கருவித்தொகுப்பு வரும் என்று அறிவித்தார். 2008 மார்ச்சில் அது வெளியானது. ஜூலையில் ஏறத்தாழ 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டைத் திறந்தது. இன்று நாம் ப்ளே ஸ்டோர் என்று சொல்வது அதன் வளர்ச்சிதான்.

ஐபோன், ஆண்ட்ராய்டு போன்றவற்றைத் தளம் என்கிறோம். தளத்தை நடத்தும் நிறுவனம் ஒரு தரப்பு, கைபேசியை வாங்கியவர் இன்னொரு தரப்பு, இவ்விருவரையும் சாராமல் வெளியிலிருந்து செயலி எழுதித் தருபவர் மூன்றாம் தரப்பு. நம் கைபேசியில் உள்ள வங்கிச் செயலி, ரயில் முன்பதிவுச் செயலி, நாள்காட்டிச் செயலி ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் தரப்பினர் செய்தவை. அவர்கள் தளத்தின் ஊழியர்கள் அல்லர். தளம் அவர்களுக்குச் சம்பளம் தருவதுமில்லை. இருந்தும் அவர்களுக்காகத் தளம் ஏராளமாகச் செலவிடுகிறது. ஏன் செலவிடுகிறது, எதையெல்லாம் தருகிறது, தந்தவற்றுக்கு ஈடாக எதைக் கேட்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏன் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஃபோன் நல்ல விடையாகும். 2010இல் வந்த அந்த இயங்குதளம் பார்ப்பதற்கு அழகாகவும், விலை குறைந்த கைபேசிகளிலும் வேகமாக இயங்குவதாகவும் இருந்தது. ஆனால் மக்கள் தேடிய செயலிகள் அதில் இல்லை. ஸ்நாப்சாட் நிறுவனம் கடைசிவரை அதற்கென ஒரு செயலியை வெளியிடவே இல்லை. செயலிகள் குறைவு என்பதால் வாங்குவோர் குறைந்தனர், வாங்குவோர் குறைவு என்பதால் நிரலர்கள் வரவில்லை. 2013இல் மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு புதிய செயலிக்கும் 100 டாலர் தருவதாக ஒரு சலுகையை அறிவித்தும் பார்த்தது. நூறு டாலருக்காக எழுதப்படும் செயலி எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியார் விரும்பி வரும்படி செய்ய முடியாத தளம் நிலைக்காது என்பதை அதன்பின் எந்த நிறுவனமும் மறக்கவில்லை.

தளம் தரும் துணைகளில் அடிப்படையானது ஏபிஐ எனப்படும் நிரல் இடைமுகம். கைபேசியின் கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் காட்டும் கருவி, திரை ஆகிய எதையும் வெளியார் செயலி நேரடியாகத் தொடுவதில்லை. ‘ஒரு படம் எடுத்துக் கொடு’, ‘இந்த வரியைத் திரையில் காட்டு’ என்று இயங்குதளத்திடம் வரையறுத்த முறையில் கேட்கிறது. இயங்குதளம் அந்த வேலையைச் செய்து, விடையை வரையறுத்த வடிவிலேயே திருப்பித் தருகிறது. கேட்கும் முறையையும் விடையின் வடிவத்தையும் எழுத்தில் வைத்த உடன்பாடே ஏபிஐ. இருப்பிடத்தையோ தொடர்பு எண்களையோ கேட்கும்போது, நமக்கு முன்னால் ‘அனுமதிக்கலாமா’ என்ற கேள்வி வந்து நிற்பதும் இந்த இடைநிலையில்தான்.

இதனால் நிரலருக்கு எவ்வளவு வேலை மிச்சமாகிறது என்பதை உணரத் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். யூனிகோட் முறையில் ‘கெ’ என்ற எழுத்தைச் சேமிக்கும்போது முதலில் ககரமும் அடுத்து ஒற்றைக் கொம்பும் வைக்கப்படுகின்றன. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். இந்த இடமாற்றங்களையெல்லாம் இன்று ஐபோனில் கோர் டெக்ஸ்ட் என்ற பகுதியும், ஆண்ட்ராய்டில் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகமும் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பார்த்துக்கொள்கின்றன. செயலி எழுதுபவர் இதைப் பற்றி நினைப்பதே இல்லை. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் இவ்வசதி இல்லாதபோது, தமிழ்ச் செயலி எழுத விரும்பியவர் எழுத்துருவைத் தம் செயலிக்குள்ளேயே சுமந்து, எழுத்துகளை வரிசை மாற்றும் நிரலையும் தாமே எழுத வேண்டியிருந்தது. செயலியின் நோக்கம் செய்யுள்களைக் காட்டுவதாக இருக்க, உழைப்பில் பாதி கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைப்பதிலேயே கழிந்தது.

எந்த ஏபிஐயைத் தருவது, எதைத் தராமல் விடுவது என்ற முடிவு முழுக்கத் தளத்தின் கையில் இருக்கிறது. வெளியார் விசைப்பலகைகளை ஆண்ட்ராய்டு 2009இலேயே, தன் 1.5ஆம் பதிப்பில் அனுமதித்தது. ஐபோன் 2014இல் தன் இயங்குதளமான ஐஓஎஸின் 8ஆம் பதிப்பு வரும்வரை அனுமதிக்கவில்லை. அதுவரை ஐபோனுக்குத் தமிழ்த் தட்டச்சுச் செயலி எழுதியவர்கள், பயனர் அச்செயலிக்குள் தட்டச்சு செய்து, நகலெடுத்து, குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கொண்டுபோய் ஒட்டும்படிதான் அமைக்க முடிந்தது. அவர்களின் திறமையில் குறை இல்லை. கதவு திறக்கப்படவில்லை, அவ்வளவே. ஒரு தளத்தில் ஒரு வகைச் செயலியே இல்லையென்றால், எழுத ஆளில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அதற்கான ஏபிஐ இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது கருவிகள். ஆப்பிள் தரும் எக்ஸ்கோடும் கூகுள் தரும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் இலவசம். நிரலை எழுதுவது, பிழை தேடுவது, கணினித் திரையிலேயே ஒரு கைபேசியைப் போல இயக்கிப் பார்ப்பது, வெளியீட்டுக்குக் கட்டித் தருவது ஆகிய அனைத்தும் ஒரே மென்பொருளுக்குள் நடக்கின்றன. ஆப்பிள் 2014இல் ஸ்விஃப்ட் என்ற நிரல் மொழியை அறிமுகப்படுத்தி, அடுத்த ஆண்டு டிசம்பரில் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. கூகுள் ஆண்ட்ராய்டுக்கென்று புதிய மொழி எதையும் படைக்காமல், ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் உருவாக்கிய காட்லின் மொழியை 2017இல் ஏற்றுக்கொண்டது. இலவசம் என்ற சொல்லுக்கு இங்கே ஓர் எல்லை உண்டு. எக்ஸ்கோடு மேக் கணினியில் மட்டுமே இயங்கும் என்பதால், ஐபோன் செயலி எழுதக் கற்க விரும்பும் மாணவருக்கு உண்மையான நுழைவுக் கட்டணம் அந்தக் கணினியின் விலைதான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. செயலியைக் கடையில் வைக்க ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலர் வாங்குகிறது. கூகுள் கணக்குத் தொடங்கும்போது ஒரே ஒருமுறை 25 டாலர் வாங்குகிறது.

ஆவணங்கள், மாதிரி நிரல்கள், விளக்கக் காணொளிகள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; இரு நிறுவனங்களும் அவற்றை எவரும் படிக்கும்படி திறந்தே வைத்திருக்கின்றன. ஆப்பிளின் ஆண்டு மாநாட்டுக்கு முன்பெல்லாம் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும், நுழைவுச்சீட்டும் விலை மிகுந்தது. 2020 முதல் அம்மாநாட்டில் எவரும் இணையவழி இலவசமாகக் கலந்துகொள்ளலாம். நேரில் வழிகாட்ட 2017இல் பெங்களூருவில் ஒரு மையமும் திறக்கப்பட்டது.

எழுதிய செயலியைச் சோதிப்பதற்கும் தளம் வழி செய்கிறது. ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட் வழியாக, கடையில் வெளியிடுவதற்கு முன்பே 10,000 வெளியாட்கள் வரை செயலியை இயக்கிப் பார்க்கலாம். அப்படித் தரும் ஒவ்வொரு பதிப்பும் 90 நாள் செல்லும். கூகுளும் இதற்கு இணையான படிநிலைகளை வைத்திருப்பதோடு, தனிநபர்கள் புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்குச் சோதனையைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது. 2023 நவம்பரில் வந்த விதி 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்றது. ஓராண்டுக்குப் பின் அந்த எண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. போலிச் செயலிகளைக் கொட்டுவோரைத் தடுக்க இது உதவக்கூடும். ஆனால் துணைக்கு ஆளில்லாமல் வீட்டில் தனியாக எழுதும் ஒருவருக்குப் பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடிப்பது நிரல் எழுதுவதைவிடக் கடினமாக இருக்கலாம். செயலி வெளியான பிறகு அது எந்த மாதிரிக் கைபேசியில், எந்த வரியில் நின்றுபோகிறது என்ற அறிக்கைகளையும் தளம் திரட்டித் தருகிறது. ஒரு தனி நிரலரால் தாமாகத் திரட்டவே முடியாத தகவல் அது. அதே அறிக்கையை வைத்து, பயனர் கண்ணெதிரே நின்றுபோகும் விகிதம் 1.09 விழுக்காட்டைத் தாண்டினால், கடையில் அச்செயலி கண்ணில் படும் வாய்ப்பைக் கூகுள் குறைக்கவும் செய்கிறது. உதவிக்கென்று வந்த அளவுகோல் அப்படியே தண்டிக்கும் அளவுகோலாகவும் அமைந்துவிடுகிறது. தளம் தரும் எந்தத் துணையைப் புரட்டிப் பார்த்தாலும் இந்த இரட்டைத்தன்மை தெரியும்.

அது மிகத் தெளிவாகத் தெரியும் இடம் பரிசீலனை. ஐபோன் செயலி ஒவ்வொன்றும், அதன் ஒவ்வொரு திருத்தமும், கடைக்கு வருமுன் ஆப்பிளின் பரிசீலனைக் குழுவைக் கடக்க வேண்டும். தீங்கான செயலிகளை வடிகட்டுவதால் பயனருக்கு நம்பிக்கை பிறக்கிறது. முகம் தெரியாத ஒரு சிறு நிரலரின் செயலியை இலட்சம் பேர் தயங்காமல் நிறுவுவது அந்த நம்பிக்கையால்தான். அந்த வகையில் பரிசீலனையும் நிரலருக்கு ஒரு துணையே. ஆனால் கடை திறந்து இரண்டு ஆண்டுகள்வரை பரிசீலனை விதிகள் வெளியிடப்படவே இல்லை. எது ஏற்கப்படும், எது மறுக்கப்படும் என்பதை நிரலர்கள் ஒருவருக்கு ஒருவர் சொல்லி ஊகித்துக்கொண்டிருந்தனர். 2009இல் கூகுளின் தொலைபேசிச் சேவையான கூகுள் வாய்ஸுக்குரிய செயலி கடைக்குள் வராமல் நின்றபோது, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமே ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. 2010 செப்டம்பரில்தான் விதிகள் எழுத்தில் வந்தன.

2020 ஜூன் மாதம் நடந்த ஹே மின்னஞ்சல் செயலியின் சிக்கலும் இங்கே சொல்லத் தக்கது. முதல் பதிப்பை ஏற்றுக்கொண்ட ஆப்பிள், அடுத்து வந்த பிழைத் திருத்தத்தை மறுத்தது; செயலிக்குள்ளேயே கட்டணம் செலுத்தும் வழி இல்லை என்பது அது சொன்ன காரணம். அதை உருவாக்கிய பேஸ்கேம்ப் நிறுவனம் பொதுவெளியில் வழக்காடியது. சில நாட்களில் ஆப்பிள் இரண்டு மாற்றங்களை அறிவித்தது: முன்பே கடையில் உள்ள செயலிகளின் பிழைத் திருத்தங்கள் விதிமீறலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட மாட்டா (சட்டம் சார்ந்த காரணங்கள் மட்டும் விலக்கு); தம் செயலி மறுக்கப்பட்டதை எதிர்த்து முறையிடுவதோடு, அந்த விதியே சரியா என்றும் நிரலர்கள் கேள்வி எழுப்பலாம். என் மதிப்பில், எக்ஸ்கோடில் சேர்த்த எத்தனையோ புதுமைகளைவிட இவ்விரண்டும் பெரிய துணை. கருவி மோசமாக இருந்தால் நிரலர் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடிப்பார். விதி மங்கலாக இருந்தால் ஆறு மாத உழைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே அவருக்குத் தெரியாது.

இனிப் பணம். இலவசச் செயலிக்கும், செயலி வழியாக விற்கும் சாப்பாடு, துணி, வாடகைக் கார் போன்ற வெளியுலகப் பொருள் அல்லது சேவைக்கும் கடை பங்கு கேட்பதில்லை. தொடக்கநிலையினர் பலர் இதைத் தவறாக எண்ணுகின்றனர். விலை வைத்த செயலி, அதற்குள் விற்கும் விளையாட்டுக் காசு, மாதச் சந்தா போன்ற மின்வடிவப் பொருள்களில்தான் பங்கு. 2008இல் ஆப்பிள் வைத்த கணக்கு நூற்றுக்கு 30 தனக்கு, 70 நிரலருக்கு. கூகுளும் அதையே பின்பற்றியது. 2021 முதல், ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலருக்குள் ஈட்டும் சிறு நிரலர்களுக்கு ஆப்பிள் 15 விழுக்காடாகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலையில் கூகுள், எவருடைய வருமானமானாலும் ஒவ்வோர் ஆண்டும் முதல் பத்து இலட்சம் டாலருக்கு 15 விழுக்காடு என்று வைத்தது.

அந்தப் பங்குக்கு ஈடாகக் கிடைப்பதும் சிறிதன்று. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில், பல இடங்களில் அந்தந்த நாட்டு நாணயத்திலேயே பணம் வாங்குவது, பல நாடுகளில் விற்பனை வரியைக் கணக்கிட்டுக் கட்டுவது, பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு விடை சொல்வது, சந்தாவை மாதந்தோறும் புதுப்பிப்பது ஆகியவற்றைத் தளமே பார்த்துக்கொள்கிறது. திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர் பிரேசிலில் உள்ளவருக்குச் செயலி விற்க முடிவது இதனால்தான். அதே சமயம், பணம் வரும் வாய்க்கால் தளத்தின் கையில் இருப்பதால், அங்கே அடைப்பு ஏற்பட்டால் நிரலரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. தானியங்கிக் கட்டணங்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கி புதிய விதிகள் கொண்டுவந்த பின், 2022இல் ஆப்பிள் இந்தியாவில் கடன் அட்டைகளையும் பற்று அட்டைகளையும் ஏற்பதை நிறுத்தி, யூபிஐ, இணைய வங்கி, கணக்கு இருப்பு ஆகியவற்றோடு நின்றது. அட்டை வழியே சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்களை இழக்காமல் காக்க நிரலரிடம் எந்த வழியும் இல்லை.

பங்கு பற்றிய சண்டைகள் நீதிமன்றங்களில் நடந்துகொண்டே இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் கேம்ஸ் நிறுவனம் ஃபோர்ட்நைட் விளையாட்டில் நேரடியாகப் பணம் செலுத்தும் வழியை வைத்தது. அன்றே இரு கடைகளும் அதை நீக்கின, அன்றே எபிக் வழக்கும் தொடுத்தது. ஆப்பிளுக்கு எதிரான வழக்கில் 2021 செப்டம்பரில் வந்த தீர்ப்பு பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்கவில்லை. ஆயினும் வெளியே வேறு வழியில் பணம் செலுத்தலாம் என்று பயனருக்குச் சொல்லவிடாமல் தடுக்கும் விதியை நீக்கச் சொன்னது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ப்ளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை ஏறத்தாழ 216 கோடியாகக் குறைத்தது. இடையில் கூகுள், வேறு கட்டண வழியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்து, அவ்வழியில் வரும் விற்பனைக்குத் தன் பங்கில் 4 விழுக்காட்டுப் புள்ளி மட்டும் குறைத்துக்கொண்டது. இந்தியச் செயலி நிறுவனங்கள் சில இதை ஏற்காமல் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றன. 2024 மார்ச் 1 அன்று, சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து நீக்கியது. ஒன்றிய அரசு தலையிட்ட பிறகு, சில நாட்களில் அவை திரும்பி வந்தன. நன்கு வேரூன்றிய நிறுவனத்தின் செயலியே ஒரு வெள்ளிக்கிழமை கடையிலிருந்து மறையக்கூடும் என்பதை அந்த வாரம் பலர் முதன்முறையாகக் கண்டனர்.

துணைகளில் கடைசியானதும், புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காததும், மாற்றத்தின்போது தரப்படும் அவகாசம். இயங்குதளம் ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய ஏபிஐகள் ஓய்வு பெறுகின்றன. ஆப்பிள் ஜூன் மாதத்தில் புதிய பதிப்பை நிரலர்களுக்குச் சோதனைக்குத் தந்து, செப்டம்பர் வாக்கில் எல்லோருக்கும் வெளியிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் நிரலர் தம் செயலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெரிய மாற்றங்களுக்கு இது போதாது. பழைய வகைச் சில்லுகளுக்காக எழுதப்பட்ட 32 பிட் செயலிகளை ஆப்பிள் கைவிட்டபோது, புதிய செயலிகளுக்கு 64 பிட் கட்டாயம் என்ற விதி 2015 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது; பழைய செயலிகள் அடியோடு இயங்காமல் போனது 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்த பிறகே. இடையில் இரண்டரை ஆண்டுகள் கிடைத்தன. அப்படியும், எழுதியவர் கைவிட்டுப் போன ஆயிரக்கணக்கான சிறு விளையாட்டுகள் அன்றோடு முடிந்தன. புதிய பதிப்புக்கு ஏற்பச் செயலியைத் திருத்தும் கெடுவை ஆண்டுதோறும் வைக்கும் கூகுள், ஜெட்பேக் என்ற நிரலகத் தொகுப்பையும் தருகிறது. அதைப் பயன்படுத்தினால் புதிய வசதிகள் பலவற்றைப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளிலும் இயக்கலாம். பல நிறுவனங்கள் செய்யும், ஆண்டுக்கணக்கில் பதிப்பு உயர்த்தப்படாத கைபேசிகள் புழங்கும் ஆண்ட்ராய்டு உலகில் இது இன்றியமையாதது.

அவகாசம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023இல் இரண்டு சமூக ஊடகத் தளங்கள் காட்டின. ட்விட்டர் ஜனவரியில், ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற, பல்லாண்டுகளாகத் தன் ஏபிஐயை நம்பி இயங்கிய வெளியார் செயலிகளை முன்னறிவிப்பின்றி நிறுத்தியது. அவை நின்று சில நாட்கள் கழித்துத்தான் அவற்றைத் தடுக்கும் விதி எழுதிச் சேர்க்கப்பட்டது. ரெடிட் ஏப்ரலில் தன் ஏபிஐக்கு இனிக் கட்டணம் என்று அறிவித்தது. ஆனால் ஆயிரம் அழைப்புக்கு (செயலி தளத்திடம் ஒருமுறை கேட்பது ஓர் அழைப்பு) 0.24 டாலர் என்ற விலை தெரியவந்தது மே மாத இறுதியில்தான், கெடுவோ ஜூலை 1. அப்போலோ என்ற புகழ்பெற்ற ரெடிட் செயலியைத் தனியாளாக நடத்தியவர், தம் பயனர்களின் பயன்பாட்டுக்கு அந்த விலையில் ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார். ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்தியிருந்தவர்களிடம் விலையை உயர்த்திக் கேட்கவும் வழியில்லை, ஏபிஐயைக் குறைவாக அழைக்கும்படி செயலியைத் திருத்தி எழுத ஒரு மாதமும் போதாது. ஜூன் 30 அன்று அவர் செயலியை மூடினார்.